ஞாயிறு இரவு மாத்திரை

சென்னை காசிமேட்டில் மீன் ஏலம் சூடு பிடிப்பது விடிவதற்கு முன்னால். எண்ணூர் குப்பங்களிலிருந்து சரக்கெடுக்கப் போகும் பெண்கள் ஊர் தூங்கும்போதே எழுந்தாக வேண்டும். முடக்குவாதம் வந்த உடம்புக்கு மிகக் கொடுமையான நேரமும் அதுதான். அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் ரத்தத்தில் விடியற்காலையில்தான் உச்சத்துக்கு ஏறும். இரவெல்லாம் அசையாமல் கிடந்த விரல்கள் மரக்கட்டையாகியிருக்கும். புடவைக் கொசுவத்தைச் செருக முடியாது, குடத்தின் கழுத்தைப் பிடிக்க முடியாது, அன்னக்கூடையின் விளிம்பில் விரல் மடங்காது. வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் இளகும். அதற்குள் ஏலம் முடிந்துவிடும். பதினொரு மணிக்குப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெண் நன்றாகத்தான் இருக்கிறார். "காலைல மட்டும் இன்னாக்கா உனக்கு?" என்ற கேள்வி வேறு.

இந்த முடக்குவாதத்தை வயதானால் வரும் மூட்டுத் தேய்மானத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதில்தான் முதல் இழப்பு தொடங்குகிறது. தேய்மானம் பெரும்பாலும் முழங்காலில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதம் முப்பது, நாற்பது வயதிலேயே கைவைக்கும். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புப் படையே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். விரல் முட்டிகள், மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி எனச் சின்ன மூட்டுகளில், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒருசேர வீங்கும். ஓய்வெடுத்தால் இறுக்கம் கூடும். டெல்லிக்கு அருகே கிராமப்புற மக்களிடம் எடுத்து 1993-ல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. அரிய நோய் என்று ஒதுக்க முடியாத கணக்கு.

2006-ல் தமிழ்நாட்டையே முடக்கிப்போட்ட சிக்குன்குனியாவும் இதே மூட்டுகளைத்தான் பிடித்தது. அதனால் கை வீங்கினாலே "சிக்குன்குனியா வலி, தானாப் போயிடும்" என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் நிற்கிறதென்றால் காத்திருக்கக் கூடாது. முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கினால் எலும்பு அரிக்கப்படாமல் காக்கலாம். அரித்த பிறகு மருந்து நோயை அடக்கும். கோணிய விரலை நிமிர்த்தாது.

அந்த முதல் மாதங்கள் எங்கே போகின்றன? பெரும்பாலும் மருந்துக் கடையிலும் ஊசி போடுகிற இடத்திலும். ஊசி போட்ட மறுநாளே வலி பறந்துவிடுகிறது, அதனால் நம்பிக்கை வருகிறது. அந்த மாயத்தைச் செய்வது ஸ்டீராய்டு. 1948-ல் அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச் முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் கொடுத்தபோது மருத்துவ உலகமே வியந்தது. 1950-ல் நோபல் பரிசும் வந்தது. அதன் பக்கவிளைவுகள் பிறகுதான் தெரிந்தன. இன்றும் மருத்துவர் குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்குக் கொடுக்கிறார், அது தேவையும்கூட. ஆனால் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு உளுக்கும். இத்தனைக்கும் நடுவே உள்ளே நோய் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பேர் தெரியாத சூரணத்திலும் பொட்டலத்திலும் இதே ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்.

சரியான சிகிச்சைக்கு, எண்ணூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கலாம். சாலையைக் கடந்தால் ஜி.எச்., அதாவது ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே மூட்டு, வாத நோய்களுக்கென்றே தனித் துறை உண்டு. மருத்துவமனையை ஒட்டியே சென்னை மருத்துவக் கல்லூரி. முடக்குவாதத்துக்கு இன்று உலகம் முழுக்க முதலில் எழுதப்படும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டின் வேர், அந்தக் கல்லூரியில் படித்த ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் குறைந்த பட்டத்தோடு வெளியேறியவர். 1923-ல் அமெரிக்கா போனார். லெடர்லே ஆய்வகத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை உருவாக்கியது. பிறகு அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளையும் உருவாக்கியது. அவை முதலில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டன. 1948-ல் சுப்பாராவ் இறந்துவிட்டார். 1951-ல் அந்த வரிசை மருந்து வாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 1985-ல் வந்த ஆய்வு குறைந்த அளவு வாராந்திர மெத்தோட்ரெக்சேட்டின் பலனை உறுதி செய்தது. 1988-ல் அமெரிக்க அரசு முடக்குவாதத்துக்கு அனுமதி கொடுத்தது. இன்று நோயாளியின் மருந்துப் பையில் அந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. மெத்தோட்ரெக்சேட் ஒரு நாள், அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம் வேறு நாளில்.

இங்கேதான் உயிரைப் பறிக்கும் ஆபத்தும் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும். தினமும் போட்டுக்கொண்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து, வாயெல்லாம் புண்ணாகி, சாவு வரை போகும். மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன மாத்திரைகள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டில் ஒரே டப்பாவில் கிடந்தால் என்ன ஆகும்? கிழமையைப் பெயர் சொல்லிக் குறித்துவைப்பதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை மீன் நன்றாக விற்கும், திங்கள் மந்தம். மாத்திரை போட்ட மறுநாள் சிலருக்குக் குமட்டும். அதனால் மீன் விற்கிறவருக்கு ஞாயிறு இரவு சரியாக வரும். மருத்துவரிடம் சொல்லி அந்த நாளையே சீட்டில் எழுதி வாங்கலாம். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும். இடையில் "ஒண்ணும் கேட்கல" என்று நிறுத்திவிடக் கூடாது. ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். மது கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் சில மாதம் முன்பே மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் நோய் அடங்காதவர்களுக்கு வேறு மாத்திரைகளும் உயிரியல் ஊசிகளும் உண்டு. ஊசிக்கு முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

நிலக்கரியும் சாம்பலும் பழகிய எண்ணூரில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சிலிக்கா தூசியில் வேலை பார்ப்பவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு கூடுவதாக ஸ்வீடன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலில் இந்த நோயோடு சேர்ந்து வரும் கட்டிகளை 1953-லேயே காப்லன் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். அனல் மின் நிலையச் சாம்பலில் சிலிக்கா உண்டு. ஒரு தனி ஆளின் கையைக் காட்டி, இது இந்தச் சாம்பலால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தூசியோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து பெருகும். பீடியை நம்மால் விட முடியும். சாம்பலைக் கொசஸ்தலை ஆற்றில் கலக்காமல் வைக்க வேண்டியது நிலையங்களின் கடமை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர் அக்காக்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீடு வீடாக வருகிறார்கள். அதே வாசலில் இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: "காலைல கை மடங்க எம்மா நேரம் ஆவுது?" அரை மணிக்கு மேல் என்றால் விரல் முட்டிகளை மெல்ல அமுக்கிப் பார்த்து, வீக்கமும் வலியும் இருந்தால் ஜி.எச்.சுக்குச் சீட்டு எழுதலாம். நோய் கட்டுக்குள் வந்தவருக்கு ரத்தத்தை எண்ணூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து, மாத்திரையையும் அங்கேயே கொடுக்கலாம். மருந்து வாங்கப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வியாபாரம் போவது அப்போது நிற்கும்.