ஒரே பாட்டு, 180 முறை

மலேசியாவின் சுங்கை வே வட்டாரப் பேரங்காடிகளில் கிறிஸ்துமஸ் பாட்டு ஓய்ந்த கையோடு சீனப் பெருநாள் பாட்டு தொடங்கிவிடும். அதற்கடுத்து நோன்புப் பெருநாள். 2025-இல் சீனப் பெருநாள் ஜனவரி 29, நோன்புப் பெருநாள் மார்ச் 31. ஆண்டிறுதி தொட்டு அதுவரை கடை ஊழியர்களின் காதுக்கு விடுப்பே இல்லை.

மலேசியாவில் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 2023 முதல் 45 மணி. ஒரு மணி நேரப் பாடல் தொகுப்பு கடையில் திரும்பத் திரும்ப ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கே வாரத்தில் ஊழியர் ஒவ்வொரு பாட்டையும் 180 முறை கேட்டிருப்பார். அரைமணியில் பொருள் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு இந்தக் கணக்கு தெரிய வாய்ப்பில்லை.

பழகப் பழகப் பிடித்துப்போகும் என்பது உண்மைதான். உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் 1968-இலேயே இதைக் காட்டினார். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. டொராண்டோ ஆய்வாளர்கள் 2004-இல் சிறு இசைத் துணுக்குகளைப் பலமுறை ஒலிக்கவிட்டார்கள். கவனித்துக் கேட்டவர்களிடம் எட்டு முறை வரை விருப்பம் ஏறியது. 32 முறை ஆனபோது இறங்கிவிட்டது.

சலிப்போடு இது முடிவதில்லை. கவுண்டரில் நிற்கும் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பாருங்கள். ஐம்பது ரிங்கிட் நோட்டு மூன்று, பத்து ரிங்கிட் ஏழு என்று மனத்துக்குள் எண்ணி வைக்கிறார். மேலே 1945-இல் ஷாங்காயில் சென் கெசின் எழுதிய 'கொங் சி கொங் சி' என்ற சீனப் பாட்டு ஒலிக்கிறது. எண்ணிக்கை நழுவுகிறது, முதலிலிருந்து எண்ணுகிறார். இதைக் கவனக்குறைவு என்று கண்டிப்பது நியாயமில்லை. எண்களை நினைவில் நிறுத்த மூளை அவற்றை உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிறது. வெளியிலிருந்து வரும் மனிதக் குரலும் அனுமதி கேட்காமல் அங்கேயே நுழைகிறது. மொழி புரியாவிட்டாலும் இது நடக்கும். ஜெர்மன் தெரியாதவர்களின் நினைவாற்றலை ஜெர்மன் பேச்சு குலைத்ததை 1976-இல் ஓர் ஆய்வு காட்டியது. வெறும் வாத்திய இசையைவிடப் பாடும் குரலே அதிகம் குலைக்கிறது என்று 1989-இல் இன்னோர் ஆய்வு கண்டது.

வேலையிடத்தில் இசையே கூடாது என்பது என் வாதமல்ல. பிரிட்டனில் 1937-இல் தொழிற்சாலைகளை ஆராய்ந்த வயட், லாங்டன் இருவரும், இசை ஒலித்த நேரத்தில் உற்பத்தி கூடியதைக் கண்டார்கள். 1940-இல் பிபிசி தொழிலாளர்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சி தொடங்கியது: நாளுக்கு இருமுறை, தலா அரைமணி. அமெரிக்காவில் அலுவலகங்களுக்கு இசை வழங்கிய மியூசாக் நிறுவனமும் 15 நிமிட இசைக்குப் பிறகு 15 நிமிட மௌனம் வைத்தது. இசையை வேலைக்குப் பயன்படுத்தியவர்கள் இடைவெளியையும் சேர்த்தே திட்டமிட்டார்கள். இன்றைய கடைகள் இசையை எடுத்துக்கொண்டு இடைவெளியை விட்டுவிட்டன.

நம் சட்டமும் இதற்கு உதவாது. 2019-இன் இரைச்சல் விதிமுறைகள் அன்றாட அளவுக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. காது கெடாமல் காக்க அது அவசியம். ஆனால் 70 டெசிபலில் ஒரே பாட்டு 180 முறை ஓடினாலும் சட்டத்தின் கண்ணில் அது குற்றமில்லை.

எந்தச் செலவுமில்லாத தீர்வு ஒன்று உண்டு. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சிலரைக் கடும் இரைச்சலில் உட்காரவைத்து, வேண்டுமானால் நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். பொத்தானைத் தொடாமலே இருந்தவர்கள்கூட, பின்னர் தரப்பட்ட வேலையைப் பொத்தான் இல்லாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். நிறுத்த முடியும் என்ற நம்பிக்கையே பாதிச் சுமையை இறக்கிவிடுகிறது.

ஆகவே, தொகுப்பை ஐந்தாறு மணி நேரத்துக்கு நீட்டுங்கள். மணிக்கொருமுறை மௌனம் விடுங்கள். கவுண்டர் பக்கம் வாத்திய இசை போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலியைக் குறைக்கும் உரிமையை அங்கே நாள் முழுதும் நிற்பவரிடம் கொடுங்கள். பெருநாள் அவருக்கும்தானே வருகிறது!