சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து கடவுச்சீட்டு வரை

ஜவ்வாது மலையில் உள்ள ஓர் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் என் பழைய மாணவி தொலைபேசியில் அழைத்தாள். சென்னையில் பட்டம் முடித்திருந்தாள். ஜெர்மனியில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருந்தது. நான் வாழ்த்துச் சொல்லும் முன்பே அவள் கேட்டாள்: "சார், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் இனிஷியல் 'கே' என்று இருக்கிறது. ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயர் 'ஜி'யில் தொடங்குகிறது. ரெண்டும் ஒரே ஆள்தான்னு எப்படி சார் காட்டுறது?"

அவள் அப்பா பெயர் கோபால். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாரித்தவன் நான். பதிவேட்டில் 'கோ' என்று இருந்ததைப் பார்த்து, யாரையும் கேட்காமல் 'கே' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். திருத்தம் முடிந்து சான்றிதழ் கைக்கு வருவதற்குள் அந்தப் பருவத்துச் சேர்க்கை முடிந்துவிட்டது. போளூரில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டு ஓராண்டு காத்திருந்துதான் அவள் புறப்பட்டாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதன் பிறகுதான் வெளிநாட்டுப் படிப்புக்கு என்னென்ன தேவை என்று தேடிப் படித்தேன். அவற்றில் பாதி நம் பள்ளியிலேயே தொடங்குகின்றன.

பெயரும் இனிஷியலும்

நமக்கு இனிஷியல் போதும். கடவுச்சீட்டில் அப்படியில்லை, இனிஷியலை முழுப் பெயராக விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் வரும். தந்தை பெயரைக் குடும்பப் பெயராகத் தருவது பலருக்கு எளிதாக இருக்கிறது.

தமிழில் க, ச, த, ப ஆகிய எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் உண்டு. ஆகவே எமிஸ் தளத்தில் பதிவிடும்போதே ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பிறந்த தேதி

மலைக் கிராமங்களில் வீட்டில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு முன்பெல்லாம் பிறப்புப் பதிவு இருக்காது. பள்ளியில் சேர்க்க வரும்போது வயதைக் கணக்கிட்டு ஒரு தேதியை நாமே எழுதியிருக்கிறோம். அந்தத் தேதிதான் மாற்றுச் சான்றிதழுக்கும் மதிப்பெண் சான்றிதழுக்கும் போகிறது. 2023 அக்டோபர் 1-க்கு முன் பிறந்தவர்கள் கடவுச்சீட்டுக்குப் பள்ளிச் சான்றிதழையும் பிறந்த தேதிக்கான ஆதாரமாகக் காட்டலாம். அந்த நாளிலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். அந்தக் குழந்தைகள் இன்னும் சில ஆண்டுகளில் நம் முதல் வகுப்புக்கு வருவார்கள். பதிவு இல்லாத வீடுகளை இப்போதே கண்டறிந்து பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

பதினைந்து வயது நிரம்பிய மாணவர் விரும்பினால் பத்தாண்டு செல்லுபடியாகும் கடவுச்சீட்டே பெறலாம். சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய்.

பணம்

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் விசாவுக்கு, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான 11,904 யூரோவைத் தனிக் கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். சாமையும் புளியும் விற்று வாழும் குடும்பம் இதற்கு எங்கே போகும்?

இங்கேதான் உதவித்தொகை வருகிறது. ஒன்றிய பழங்குடியினர் நல அமைச்சகம் முதுகலைக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கும் வெளிநாட்டு உதவித்தொகை தருகிறது; நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 20 பேருக்குத்தான். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை பெறலாம். இரண்டுக்கும் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வேண்டும். பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் வழங்குவார்; விசாரணைக்கு நாளாகும். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் முன்பே அது மாணவர் கையில் இருக்க வேண்டும்.

மொழியும் பரிந்துரையும்

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு திறன்களைச் சோதிக்கிறது. மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால் அவசரப்பட்டு எழுதக் கூடாது. நம் வகுப்பில் எழுத்துக்குக் கிடைக்கும் நேரம் கேட்டலுக்கும் பேச்சுக்கும் கிடைப்பதில்லை. நான் இப்போது வாரத்தில் இரண்டு நாள், ஐந்து நிமிட ஆங்கில ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, கேட்டதை மூன்று வாக்கியத்தில் சொல்லச் சொல்கிறேன். முதல் மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது கை உயர்த்துகிறார்கள்.

இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தால் பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது நாம்தான். 'நன்னடத்தையும் உழைப்பும் உடையவர்' என்று எழுதிப் பழகிய கை நம்முடையது. அது யாருக்கும் பொருந்தும். விடுதிக்குப் பின்னால் பாட்டிலை வைத்து ஒரு பருவம் முழுக்க மழையை அளந்து குறித்த மாணவனைப் பற்றி அந்த நிகழ்வையே எழுதினால், அது அவனுக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு நாம் அவ்வப்போது குறித்து வைத்திருக்க வேண்டும்.

எல்லாரும் வெளிநாடு போக வேண்டும் என்பதில்லை. போக விரும்பும் ஒருவரை நம் பேனாவின் ஓர் எழுத்து நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலை அனுப்பும் முன் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்தேன். ஒவ்வொரு பெயரையும் ஆங்கில எழுத்துகளோடு உரக்கப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுக் கையொப்பம் வாங்கினேன். முப்பத்தொரு பேரில் நான்கு பேருக்குத் திருத்தம் இருந்தது.