முகப்பூச்சில் ‘எஸ்.பி.எப்.’ இருந்தால் வெயில் தொடாதா? நம்பி ஏமாறும் பெண்கள்!

சென்னையில் வெயில் ஏற ஏற அழகு சாதனக் கடைகளில் கூட்டமும் ஏறும். பாண்டிபஜார், புரசைவாக்கம், வண்ணாரப்பேட்டை என்று எங்கே போனாலும் இதே பேச்சுத்தான்.

“அக்கா, இந்த கிரீமுலயே எஸ்.பி.எப். இருக்குக்கா. தனியா சன்ஸ்கிரீன் எதுக்கு? காசு மிச்சம்தானே!”

விற்கிற பெண் இப்படிச் சொன்னால், வாங்க வந்தவருக்கும் அது நியாயமாகவே படும். ஒரு டப்பாவில் இரண்டு வேலை நடக்கிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

காலையில் குளித்ததும் மாய்ச்சரைசர். மேக்கப் போடுகிறவர்களுக்கு அதன் மேல் பிரைமர். இரண்டிலும் ‘எஸ்.பி.எப்.’ என்று அச்சடித்து இருக்கிறது. “இனி வெயில் நம்மை ஒண்ணும் செய்யாது” என்ற தைரியத்தில் பெண்கள் ஸ்கூட்டரை எடுத்துக் கொண்டு கிளம்பி விடுகிறார்கள்.

சில மாதம் கழித்து கன்னத்தில் பழுப்பு நிறத்தில் திட்டு விழுகிறது. அதுதான் மங்கு!

“கிரீம் போட்டும் இப்படி ஆயிடுச்சே!” என்று அழாத குறையாக ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

தவறு எங்கே? டப்பாவில் போட்டிருக்கும் நம்பர் பொய்யா? விவரம் வருமாறு:-

நம்பர் பொய் அல்ல!

எஸ்.பி.எப். என்பது வெயில் காப்பு எண். ஆஸ்திரியா நாட்டு ரசாயன நிபுணர் பிரான்ஸ் கிரைட்டர் 1974-ல் இந்தக் கணக்கைப் பிரபலப்படுத்தினார்.

கிரீம் பூசாத தோல் சிவந்து போக எவ்வளவு கதிர் தேவையோ, அதைப்போல 30 மடங்கு கதிர் பட்டால்தான் கிரீம் பூசிய தோல் சிவக்கிறது என்றால், அந்த கிரீமின் எண் 30.

எண் 15 என்றால் தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் 93 சதவீதம் தடுக்கப்படும். 30 என்றால் 97 சதவீதம். 50 என்றால் 98 சதவீதம். 30-க்கும் 50-க்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

மாய்ச்சரைசரில் 30 என்று போட்டாலும், சன்ஸ்கிரீனில் 30 என்று போட்டாலும் சோதனை ஒரே மாதிரிதான். சோதனைக்கு வந்தவர்களின் தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிப் பார்க்கிறார்கள்.

சங்கதியே இங்கேதான் இருக்கிறது.

அந்த 2 மில்லிகிராம் என்பது நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற அளவு. முகத்தில் வெள்ளையாக அப்பிக் கிடக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பூசுவது இல்லை. சாதாரணமாக ஜனங்கள் பூசுவது அதில் கால் பங்கு முதல் பாதி வரைதான் என்று பல ஆராய்ச்சிகளில் தெரிய வந்திருக்கிறது.

அளவு குறைந்தால் காப்பும் குறையும். டப்பாவில் 30 இருக்கும். முகத்தில் 30 இருக்காது!

ஆறு மாதம் வரும் டப்பா

இதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு ஒன்றேகால் கிராம் கிரீம் என்று வைத்துக் கொள்வோம். 50 கிராம் டியூப் 40 தடவைக்குத்தான் வரும். தினமும் இரண்டு தடவை பூசினால் 20 நாளில் காலி!

ஆனால் நம் வீட்டில் 50 கிராம் கிரீம் எத்தனை நாள் வருகிறது? “ஆறு மாசம் வரும்ங்க, அப்படி சிக்கனமா போடுவேன்” என்று பெருமையாகச் சொல்கிற பெண்கள் உண்டு. அப்படியானால் அவர்கள் ஒரு நாளைக்குப் பூசுவது கால் கிராமுக்குச் சற்று அதிகம். வேண்டிய அளவில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை.

மாய்ச்சரைசர் முகத்தின் வறட்சி போவதற்காகப் பூசுவது. கொஞ்சம் தொட்டுப் பரப்பினால் போதும், முகம் மினுமினுக்கும். மேலே பூசினால் எண்ணெய் வழியும். சென்னை வேர்வையில் அது யாருக்கும் பிடிக்காது. அதனால் கை தானாகவே அளவைக் குறைத்து விடுகிறது.

பிரைமர் இன்னும் மோசம். மேக்கப் நழுவாமல் நிற்பதற்காகப் போடுவது அது. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகத் தேய்ப்பார்கள். அதிகம் போட்டால் மேலே போடும் பவுண்டேஷன் திரிந்து உருண்டு வரும். வெயிலுக்கு வேண்டிய அளவு பிரைமரைப் பூசிவிட்டு மேக்கப் போடவே முடியாது.

லிவர்பூலில் நடந்த சோதனை

இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2019-ல் வெளிவந்தது.

84 பேரை வரவழைத்தார்கள். ஒரு தடவை 30 எண் கொண்ட சன்ஸ்கிரீனும், இன்னொரு தடவை அதே 30 எண் கொண்ட மாய்ச்சரைசரும் கொடுத்தார்கள். “வழக்கமாகப் பூசுவதுபோல் பூசுங்கள்” என்றார்கள். பிறகு புற ஊதாக் கதிரைப் பார்க்கும் விசேஷ காமிராவால் படம் எடுத்தார்கள். கிரீம் பட்ட இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். விட்டுப் போன இடம் வெளுப்பாகத் தெரியும்.

சன்ஸ்கிரீன் பூசியவர்கள் முகத்தில் 11.1 சதவீத இடத்தை விட்டிருந்தார்கள். மாய்ச்சரைசர் பூசியபோது விட்ட இடம் 16.6 சதவீதம்!

கண் இமைப் பக்கம் இன்னும் மோசம். சன்ஸ்கிரீனில் 14 சதவீதம், மாய்ச்சரைசரில் 20.9 சதவீதம் விட்டுப் போயிருந்தது. கண் எரியுமோ என்று பயந்து கை அந்தப் பக்கமே போவதில்லை.

இதில் வேடிக்கை என்ன என்றால், இடம் விட்டுப் போனது பூசியவர்களுக்கே தெரியவில்லை. முழுசாகப் பூசியதாகவே நினைத்துக் கொண்டிருந்தார்கள்.

கூட்டினால் கூடுமா?

“மாய்ச்சரைசர்ல 15, பிரைமர்ல 20, பவுண்டேஷன்ல 15. மொத்தம் 50 ஆச்சே!” என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இது தப்புக் கணக்கு. மூன்றையும் அடுக்கினால் எண்கள் கூடி 50 ஆகிவிடாது. ஒவ்வொன்றையும் மெல்லிசாகப் பூசினால் எந்த எண்ணும் முழுதாகக் கிடைக்காது.

சிலர் சன்ஸ்கிரீனையும் மாய்ச்சரைசரையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசுகிறார்கள். அதுவும் கூடாது. பாலில் தண்ணீர் கலந்த கதைதான்.

கண்ணாடி வழியே வரும் கதிர்

இன்னொரு சங்கதியும் உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரில் ‘பி’ என்றும் ‘ஏ’ என்றும் இரண்டு வகை நம்மை வந்து சேருகின்றன. எஸ்.பி.எப். எண் முக்கியமாக ‘பி’ கதிரைப் பற்றித்தான் சொல்லும்.

‘ஏ’ கதிர் தோலுக்குள் ஆழமாக இறங்கும். சுருக்கம், கருமை, மங்கு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வந்து விடும்.

அமெரிக்காவில் 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. அங்கே டிரைவர் சீட் இடப்பக்கம். ஜன்னல் ஓரமாக இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, சுருங்கித் தொங்கிப் போயிருந்தது. வலது கன்னம் பல வயது இளமையாக இருந்தது. ஒரே முகம், இரண்டு வயது!

நம் ஊரில் கார் ஓட்டுகிறவர்களுக்கு வலது கன்னம்தான் ஜன்னல் பக்கம். பஸ்சில் தினமும் ஜன்னல் ஓர சீட்டைப் பிடிக்கிறவர்களும், ஆபீசில் கண்ணாடிச் சுவர் ஓரம் உட்காருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

எனவே டப்பாவில் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று போட்டிருக்கிறதா? ‘பி.ஏ.’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள் எத்தனை? அதையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் பிறந்த முறை இது. ஒரு கூட்டல் என்றால் ‘ஏ’ கதிருக்குக் கொஞ்சம் காப்பு, நாலு என்றால் மிக அதிகம். எஸ்.பி.எப். போட்ட எல்லா மாய்ச்சரைசரிலும் இது இருக்கும் என்று சொல்ல முடியாது.

காற்று குளிர்ந்தாலும் கதிர் குறையாது

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும், நடுப்பகலில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் வரும். நட்டு வைத்த கம்பின் நிழல் பக்கத்தில் விழாது.

கதிரின் கடுமையை அளக்க ஓர் அளவு உண்டு. 11-க்கு மேல் போனால் ‘மிகக் கடுமை’ என்று பெயர். கோடையில் மத்தியான நேரத்தில் சென்னையில் இது சர்வ சாதாரணம்.

கடற்காற்று வந்து விட்டால் “அப்பாடா, வெயில் தணிஞ்சுது” என்போம். உடம்புக்குச் சூடு குறையுமே தவிர, கதிர் குறைவதில்லை. மார்கழியில் குளிராக இருக்கிறதே என்று விட்டு விடுவதும் இதே தவறுதான்.

வேர்வையும் சேர்ந்து கொள்கிறது. ஹெல்மெட், கைக்குட்டை, துப்பட்டா எல்லாம் கிரீமைத் துடைத்து எடுத்து விடும். சன்ஸ்கிரீன்களில் தண்ணீர் தாங்கும் வகை தனியாக உண்டு. அதுவும் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் தண்ணீரில் தாங்குகிறதா என்று பார்த்துத்தான் அமெரிக்காவில் எழுத விடுகிறார்கள். ‘வேர்வையில் போகவே போகாது’ என்று எழுத அங்கே தடை இருக்கிறது. தினசரி மாய்ச்சரைசர்களில் பெரும்பாலானவை தண்ணீர் தாங்கும் வகை அல்ல.

வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும் பூச வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் விதி. மேக்கப் போட்ட முகத்தில் பிரைமரை மறுபடியும் எப்படிப் பூசுவது?

மங்குக்கு மருந்து என்று வாங்கும் வம்பு

வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் தோல் புற்றுநோய் பயம் அதிகம். நம்மவர்களின் கருமை நிறமே ஓரளவுக்குக் காப்பு. அதனால் இங்கே அந்த நோய் குறைவு. ஆனால் மங்கும் கருமைத் திட்டும் நம்மவர்களுக்கு அதிகம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கூட மங்கைக் கூட்டும். அதனால்தான் மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனை டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

வினையே மங்கு வந்த பிறகுதான் ஆரம்பம். டாக்டரிடம் போகாமல், “பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க” என்று மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த கிரீமைக் கேட்டு வாங்குகிறார்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, வெயிலில் தலை காட்டினாலே எரியும். கிரீமை நிறுத்தினால் இன்னும் அதிகமாகும்.

இந்தத் தொல்லை நாடு முழுவதும் பெருகியதால்தான், 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

ஒரு டியூப் சன்ஸ்கிரீன் காசை மிச்சம் பிடிக்கப் போய், முகத்தையே பறி கொடுக்கிற கதை இது.

அப்படியானால் மாய்ச்சரைசர் வீணா?

வீண் இல்லை. எப்போது போதும், எப்போது போதாது என்று தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும்.

நாள் முழுக்க வீட்டுக்குள்ளோ, ஜன்னலை விட்டுத் தள்ளியோ இருக்கிறவர்களுக்கும், காலையிலும் மாலையிலும் சற்று நேரம் மட்டும் வெளியே போகிறவர்களுக்கும் 30 எண்ணும் பிராட் ஸ்பெக்ட்ரமும் உள்ள மாய்ச்சரைசர் போதும். ஆனால் தாராளமாகப் பூச வேண்டும்.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் நீளமாகக் கோடு போல கிரீமைப் பிதுக்கினால் அதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் உள்ள அளவு. காது, கழுத்தின் பின்பக்கம், கண் ஓரம் விடக் கூடாது.

ஸ்கூட்டரில் போகிறவர்கள், வீடு வீடாகப் போய் விற்கிறவர்கள், மத்தியானம் கடை வாசலில் நிற்கிறவர்கள், மெரினாவுக்குப் போகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் மாய்ச்சரைசரும் பிரைமரும் போதாது. தனியாக சன்ஸ்கிரீன்தான் வேண்டும். முதலில் மாய்ச்சரைசர், அது காய்ந்ததும் சன்ஸ்கிரீன், அதற்கு மேல்தான் பிரைமரும் மேக்கப்பும்.

எண் பெரிதாக இருக்க வேண்டும் என்று அலைய வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் நாலரை வருஷம் 1,621 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் கொடுத்த சன்ஸ்கிரீனின் எண் வெறும் 16தான். ஆனால் தினமும் காலையில் பூசச் சொன்னார்கள். வேர்த்தால், குளித்தால் மறுபடியும் பூசச் சொன்னார்கள். அப்படிப் பூசியவர்களிடம் ஒரு வகைத் தோல் புற்றுநோய்க் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. தோல் முதுமை அடைவதும் 24 சதவீதம் குறைந்தது என்று 2013-ல் தெரிவித்தார்கள்.

காசு இல்லாதவர்களுக்கு?

20 நாளைக்கு ஒரு டியூப் வாங்க எல்லோராலும் முடியுமா? பிளாட்பாரத்தில் பூ விற்கும் ஆயாவிடமும், சித்தாள் வேலை செய்யும் பெண்ணிடமும் போய் சன்ஸ்கிரீன் பூசு என்றால் சிரிப்பார்கள்.

அவர்களுக்கும் வழி இருக்கிறது. நெருக்கமாக நெய்த கறுப்புத் துணிக் குடை கதிரில் பெரும்பகுதியைத் தடுத்து விடும். தலையில் போடும் முக்காடு, முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி எல்லாமே காப்புத்தான். வேர்வையில் கரையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூச வேண்டியதும் இல்லை.

முகத்தில் திட்டு விழுந்து விட்டால் கடையில் கிரீம் கேட்க வேண்டாம். ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் சீட்டு வாங்கினால் டாக்டரே பார்த்துச் சொல்லி விடுவார்.

அப்போது வீட்டில் பூசும் டப்பாவையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. முகத்தில் என்ன விழுந்திருக்கிறது என்பதோடு, முகத்தில் என்ன பூசினோம் என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்!