கடைசி மருந்தும் கோழித் தீவனமும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள ஒருவருக்கு நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொற்று ஏற்பட்டால், சளியையோ சிறுநீரையோ ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். எந்த ஆன்டிபயாடிக் மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படும் என்பதை அறியவே இச்சோதனை. வழக்கமான மருந்துகள் எவற்றுக்கும் கட்டுப்படாது என்று சில வேளைகளில் அறிக்கை வருகிறது. அப்போது எஞ்சியிருக்கும் மிகச் சில மருந்துகளுள் ஒன்று கொலிஸ்டின்.

கிருமிகள் இவ்வாறு வலுப்பெறுவதற்கு, மனிதர்கள் மருந்தை முறையின்றி உட்கொள்வது மட்டும் காரணம் அன்று. கால்நடைகளுக்கு முறையின்றிக் கொடுப்பதும் காரணமாகும். செஞ்சியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மாடு, ஆடு, கோழி வளர்க்கும் குடும்பங்கள் பல. ஆகவே இதனை விளக்க விரும்புகிறோம்.

எதிர்ப்புத் திறன் எவ்வாறு உருவாகிறது?

நோயுற்ற விலங்குக்கு மருத்துவர் சொன்ன அளவில் மருந்து கொடுப்பது தவறன்று. நோயில்லாத கோழிகளுக்கும், விரைவில் எடை கூடுவதற்காகச் சிறிதளவு மருந்தை நாள்தோறும் தீவனத்தில் கலப்பதே தீங்கானது. அச்சிறிதளவு மருந்தில் வலுவற்ற பாக்டீரியாக்கள் மடிய, தாங்கவல்லவை பிழைத்துப் பெருகுகின்றன. பின்னர் எச்சம், எரு, நீர், இறைச்சி, வளர்ப்பவரின் கைகள் ஆகியவற்றின் வழியே மனிதரை அடைகின்றன. கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் அளித்த அமெரிக்கப் பண்ணை ஒன்றில், சில மாதங்களுக்குள் பண்ணைக் குடும்பத்தினரின் குடலிலும் அம்மருந்தைத் தாங்கும் கிருமிகள் பெருகியதை 1976-இல் ஸ்டூவர்ட் லெவி குழுவினர் வெளிப்படுத்தினர்.

கொலிஸ்டினின் கதையும் இதுவே. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மனித மருத்துவத்தில் அது நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. கால்நடை வளர்ப்பிலோ பரவலாகப் புழங்கியது. அம்மருந்தைத் தாங்கச் செய்யும் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணு சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் காணப்பட்டதாக 2015-இல் செய்தி வெளியாயிற்று. ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்பதே இம்மரபணுவின் ஆபத்து. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளிலும், கோழி மற்றும் மீன் வளர்ப்பிலும், தீவனத்திலும் கொலிஸ்டினைப் பயன்படுத்த இந்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

• கால்நடை மருத்துவர் எழுதித் தராமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். வீட்டில் மீந்த மாத்திரையைக் கோழிக்குக் கரைத்து ஊற்றாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. தடுப்பூசியே காக்கும்.

• மடிவீக்கத்துக்கு மருந்து செலுத்திய மாட்டின் பாலை, மருத்துவர் குறித்த நாள் முடியும்வரை விற்கவோ பருகவோ கூடாது. காய்ச்சினால் கிருமி மடியும். பாலில் கலந்த மருந்து முழுமையாக நீங்காது.

• இறைச்சியையும் முட்டையையும் நன்றாக வேகவையுங்கள். பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் காய்கறி நறுக்காதீர்கள்.

• தொழுவத்திலிருந்தும் கோழிக்கூண்டிலிருந்தும் வந்தவுடன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். சிறுநீர்க் குழாய் பொருத்தியவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் ஆகியோரைத் தொடுமுன் இது மிக இன்றியமையாதது.

• வீட்டில் கால்நடை வளர்ப்பதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். அவர் எழுதித் தந்த மருந்தை, சொன்ன அளவிலும் சொன்ன நாள்வரையிலும் உட்கொள்ளுங்கள்.

இழந்ததை ஓரளவு மீட்கவும் இயலும். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதைச் சீனா 2017-இல் நிறுத்தியது. அதன்பின் அங்கு விலங்குகளிடமும் மனிதர்களிடமும் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் குறைந்தன. தொழுவத்தில் இன்று வீணாகாத மருந்து, நாளை நம் வீட்டார் ஒருவரின் உயிரைக் காக்கக்கூடும்.