பாக்கெட் கம்ப்யூட்டர் செய்யப் போறீங்களா? ஸ்கிரீன் ஆசையில் கீபோர்டை மறந்துடாதீங்க!

பழைய பிளாக்பெர்ரி போன் ஞாபகம் இருக்கா மக்களே? குட்டிக் குட்டி பட்டன்களை இரண்டு கட்டைவிரல்களால் தட்டியே நீளமான மெயில் அனுப்பிய காலம் அது. போன் போய்விட்டது, கீபோர்டுக்கு மட்டும் மவுசு குறையவில்லை. ராஸ்பெர்ரி பை என்ற குட்டி போர்டோடு அதைச் சேர்த்து, சொந்தமாகக் கையடக்க கம்ப்யூட்டர் செய்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

இவர்கள் அதிகம் தேடுவது ‘பை ஜீரோ 2 டபிள்யூ’. 2021-ல் 15 டாலர் விலையில் வந்தது. நீளம் 65 மி.மீ., அகலம் 30 மி.மீ. மட்டுமே. ஓரத்தில் 40 பின்களுக்கு இடம் இருக்கும். ஸ்கிரீனும் கீபோர்டும் பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்கும். யு.எஸ்.பி-யில் மாட்டலாமே என்றால், டேட்டாவுக்கு இருப்பதே ஒரு போர்ட்தான்.

சண்டை ஆரம்பிப்பது இங்கேதான். பிரிட்டனின் பிமொரோனி நிறுவனம் தரும் ‘ஹைப்பர்பிக்சல் 4.0’ ஸ்கிரீனைப் பார்த்தால் ஆசை வரும். 4 இன்ச், 800x480 பிக்சல், வினாடிக்கு 60 ஃபிரேம். ஆனால், கிட்டத்தட்ட எல்லா பின்களையும் அதுவே எடுத்துக்கொள்ளும். பின்பக்கத்தில் ஒரு ‘ஐ2சி’ இணைப்பை மட்டும் விட்டுவைக்கும். டேட்டாவுக்கு இரண்டே கம்பிகள் போதும் என்கிற முறை அது. அதனால், அந்த முறையில் பேசும் கீபோர்டாகப் பார்த்து வாங்கவில்லை என்றால் காசு வேஸ்ட். சாலிடர் பார்ட்டி என்ற நிறுவனத்தின் பிளாக்பெர்ரி க்யூ20 கீபோர்டு போர்டு, ஐ2சி, யு.எஸ்.பி இரண்டிலும் வேலை செய்யும்.

‘எஸ்.பி.ஐ’ முறையில் இயங்கும் 3.5 இன்ச் ஸ்கிரீன்கள் இன்னொரு வகை. விலை குறைவு, பின்களும் மிஞ்சும். ஆனால், வீடியோ ஓட்டினால் திக்கும். எழுத்து வேலைக்கு ஓகே.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்காக 2023-ல் வந்தது ‘பீப்பி’. ஸ்கிரீன், கீபோர்டு, பேட்டரி மூன்றும் ஒரே போர்டில். பை ஜீரோவைப் பின்னால் மாட்டினால் போதும். அறிமுக விலை, பை இல்லாமல் 79 டாலர். அதிலுள்ள 400x240 ஷார்ப் திரை கறுப்பு வெள்ளைதான். ஆனால் உச்சி வெயிலிலும் பளிச்செனத் தெரியும், மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகும். பேக்லைட் கிடையாது என்பதால், ராத்திரி போர்வைக்குள் நோண்டுகிற ஆட்களுக்குச் செட் ஆகாது!

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இதுபோன்ற கருவிகளில் பலரும் லினக்ஸின் வெறும் எழுத்துத் திரையையே பயன்படுத்துகிறார்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரியாது. கொம்பு, கால் எல்லாம் சரியான இடத்தில் உட்கார வேண்டுமென்றால் ஜன்னல்களோடு கூடிய டெஸ்க்டாப் தேவை. அதற்கு 400x240 ரொம்பவே நெருக்கடி. தமிழில் எழுதுவதுதான் நோக்கம் என்றால், என் ஓட்டு பெரிய ஸ்கிரீனுக்கும் ஐ2சி கீபோர்டுக்கும்தான்.

ஆர்டர் போடும் முன் ஒன்று. ஜீரோ 2 டபிள்யூ வெறும் துளைகளோடுதான் வரும். 40 பின்களையும் நீங்கள்தான் சால்டர் செய்யணும். பழக்கம் இல்லையா? பின் பொருத்தியே வரும் ‘டபிள்யூஎச்’ மாடலைக் கேட்டு வாங்குங்கள்.