கேட்கிற விதத்தில் கேட்டால் பதில் கிடைக்கும்!

வியாபாரிக்குக் கேள்வி கேட்கச் சொல்லித் தர வேண்டுமா என்று வாசகர்கள் நினைக்கலாம். மண்டிக்குள் நுழைந்ததும், "சரக்கு எந்த ஊர்? புதுசா, பழசா? ஈரம் எப்படி? சாக்கு எடை கழித்தா, சேர்த்தா? லாரி வாடகை யார் தலையில்?" என்று ஒரே மூச்சில் ஐந்து கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் விலைக்கே வருவோம். கேட்காமல் வாங்கினால் நட்டம் யாருக்கு என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வரி, சட்டம், உரிமம் என்று வந்துவிட்டால் நம்மவர்களில் பலர் இந்தச் சாமர்த்தியத்தைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், "பருப்புக்கு வரி உண்டா?" என்று ஒற்றை வரியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பதில் வரவில்லை என்று மறுநாள் சங்கத்தின் மேல் கோபமும் படுகிறார்கள்.

விற்பனை வரிக் காலத்தில் ஒரு சந்தேகம் வந்தால் மாதக் கூட்டம் வரை காத்திருப்போம். அவசரமென்றால் ஆடிட்டர் வீட்டு வாசலில் போய் உட்காருவோம். அவர் பில்லைக் காட்டச் சொல்வார், பேரேட்டைப் புரட்டச் சொல்வார், நாம் சொல்ல மறந்ததை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார். அதனால் அன்று கேள்வி அரைகுறையாக இருந்தாலும் காரியம் கெடவில்லை. 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபிறகு எல்லாம் கணினி வழியே என்றாகிவிட்டது. சந்தேகங்களும் தினசரி ஆகிவிட்டன. இன்று நமக்குப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்குமானால் அது இந்தக் கைபேசிக் குழுதான். முகம் பார்த்துப் பேசாத இடம் என்பதால், எழுதுகிற நாலு வரியிலேயே எல்லாம் இருந்தாக வேண்டியிருக்கிறது.

எட்டு மணி நேரம்

சென்ற ஆண்டு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். உறுப்பினர் ஒருவருக்குக் குண்டூரிலிருந்து மிளகாய் ஏற்றி வந்த லாரி நெல்லூர்ப் பக்கம் பழுதாகி, பட்டறையில் நின்றுவிட்டது. அவர் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் குழுவில் எழுதினார்: "லாரி வழியில் நிற்கிறது. என்ன செய்யலாம்?" அவ்வளவுதான். உடனே பதில்கள் வந்தன. ஒருவர், வேறு லாரிக்குச் சரக்கை மாற்றச் சொன்னார். இன்னொருவர், புக்கிங் ஆபீசில் சத்தம் போடச் சொன்னார். மூன்றாமவர், தன் லாரி ஒருமுறை நின்ற கதையை நாலு நிமிடம் குரல் பதிவாகவே அனுப்பினார். பாவம், எல்லாரும் உதவத்தான் நினைத்தார்கள். கடைசியில் விவரம் தெரிந்த ஒருவர், "இ-வே பில் காலாவதி எப்போது?" என்று கேட்டார். கேட்டவர் அப்போது குளிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, "நேற்று இரவு பன்னிரண்டு மணியோடு முடிந்துவிட்டது" என்று பதில் போட்டபோது மணி எட்டரை.

இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆயுள் கணக்கு. வண்டி பழுது போன்ற காரணம் இருந்தால் ஆயுளை நீட்டிக்கலாம். ஆனால் அதைக் காலாவதிக்கு முன்பு எட்டு மணி நேரத்துக்குள், அல்லது காலாவதிக்குப் பின்பு எட்டு மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். செய்ய வேண்டியவர் சரக்கை ஏற்றிய டிரான்ஸ்போர்ட்காரர். வண்டி நிற்கிற இடத்தையும் காரணத்தையும் தளத்தில் பதிந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. இரவு பன்னிரண்டுக்கு முடிந்த பில்லுக்குக் காலை எட்டு மணியோடு கதவு மூடிக்கொண்டது. ஆறு பத்துக்கே, "இ-வே பில் நேற்று இரவோடு முடிந்தது, லாரி பழுதாகி நிற்கிறது" என்று இரண்டு விவரம் சேர்த்து எழுதியிருந்தால் கையில் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்திருக்கும்.

லாரி கிளம்பிய அன்றே வழிச் சோதனையில் மாட்டியது. 129-வது பிரிவில், 2022-ம் ஆண்டு தொடக்கத்திலிருந்து, வரி உள்ள சரக்குக்கு வரியைப் போல் இரண்டு பங்கு அபராதம். மிளகாய்க்கு வரி 5 சதவீதம். எட்டு லட்ச ரூபாய்ச் சரக்கு என்று வைத்துக்கொண்டால் வரி 40 ஆயிரம், அபராதம் 80 ஆயிரம். மிளகாயில் அந்த லாபம் இருக்கிறதா என்பதை மிளகாய் வியாபாரிகளே சொல்லட்டும்.

இரண்டு பதிலும் சரி

2022 ஜூலை 18-ம் தேதி நம் தொழிலில் யாரும் மறக்க மாட்டார்கள். அதுவரை பதிவு பெற்ற பிராண்டு போட்ட பருப்பு, அரிசி, மாவுக்குத்தான் வரி. அன்று முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு விவரச்சீட்டு ஒட்டியது என்றால், 25 கிலோ வரை 5 சதவீதம் என்றார்கள். அதற்கு முந்தைய இரவு, "பருப்புக்கு வரி உண்டா?" என்ற கேள்விக்கு ஒருவர் "உண்டு" என்றார், இன்னொருவர் "கிடையாது" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடவில்லை. உண்மையில் இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒருவர் மனதில் ஒரு கிலோ பாக்கெட், மற்றவர் மனதில் 50 கிலோ மூட்டை. கேட்டவரோ எதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை.

அந்த ஜூலை 17-ம் தேதி மத்திய நிதி அமைச்சகம் கேள்வி பதிலாகவே ஒரு விளக்கம் வெளியிட்டது. அதைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் கேள்விகள் எப்படி இருந்தன என்று. 50 கிலோ மூட்டையாக இருந்தால்? பத்துப் பத்துக் கிலோவாகப் பத்துப் பாக்கெட்டுகளை ஒரு பெரிய பையில் போட்டு விற்றால்? சில்லரைக் கடைக்காரர் 25 கிலோ சிப்பம் வாங்கிப் பிரித்து நிறுத்துக் கொடுத்தால்? கேள்வி எடையோடும் ஆளோடும் வந்ததால் பதிலும் நறுக்கென்று வந்தது. 50 கிலோவுக்கு வரி இல்லை, பத்துப் பாக்கெட்டுக்கு உண்டு, பிரித்து நிறுத்துக் கொடுத்தால் இல்லை. அதற்குப் பிறகு பல இடங்களில் 25 கிலோ அரிசிச் சிப்பம் 26 கிலோவாக மாறியதும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஒரு கிலோவில் வரி போய்விடுகிறது என்றால், கேள்வியில் எடையைச் சொல்லாமல் விடலாமா?

2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் கலந்துகொண்ட கூட்டத்தில் ஓட்டல் உரிமையாளர் ஒருவர் கேட்டது நாடு முழுதும் பேசப்பட்டது. பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் பன்னையும் கிரீமையும் தனித்தனியே கொடு என்கிறார் என்றார். அதன்பிறகு நடந்த அரசியல் நமக்கு வேண்டாம். வரி விகிதங்கள் குழப்பமாக உள்ளன என்று பொதுவாக அவர் பேசியிருந்தால் அடுத்த நாளே எல்லாரும் மறந்திருப்பார்கள். அவர் ஒரு பன்னைக் கையில் எடுத்துக்கொண்டார். கேள்வி தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் புரிந்தது.

பழைய பதில், பிறர் பதில்

குழுவில் இன்னொரு தொல்லை. யாரோ யாருக்கோ சொன்ன பதிலை எடுத்து வந்து, "இதோ தீர்ப்பே வந்துவிட்டது" என்று போடுகிறார்கள். சட்டத்திலேயே கேள்வி கேட்க ஒரு வழி இருக்கிறது. அட்வான்ஸ் ரூலிங் என்று பெயர். எந்த இனத்தில் வரும், உள்ளீட்டு வரி எடுக்கலாமா, பதிவு தேவையா என்பது போல ஏழு வகைக் கேள்விகளை மட்டும் கேட்கலாம். மத்திய வரிக்கு 5 ஆயிரம், மாநில வரிக்கு 5 ஆயிரம் கட்டணம் கட்டி, தொழிலின் விவரம் முழுவதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். விவரத்தை மறைத்து வாங்கிய தீர்ப்பு என்று தெரிந்தால் தீர்ப்பே செல்லாது. இவ்வளவும் செய்து வாங்கினாலும், அது கேட்டவரையும் அவருடைய அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். பக்கத்துக் கடைக்குச் செல்லாது. அரசாங்கமே இப்படி வைத்திருக்கும்போது, யாரோ முன்பின் தெரியாதவர் அனுப்பிய நாலு வரியை நம்பி நாம் பில் போடுவது எப்படி?

தேதியும் பார்க்க வேண்டும். 2020-ல் கர்நாடகத்தில் ஒரு நிறுவனம் இப்படிக் கேட்டபோது, பரோட்டா ரொட்டி இனத்தில் சேராது, 18 சதவீதம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல் பரோட்டாவுக்கு வரியே இல்லை. அந்த 2020 செய்தி இன்னும் சில குழுக்களில் நேற்று வந்தது போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே பதில் சொல்கிறவர் எந்தத் தேதியிலிருந்து, எந்த அறிவிப்பின்படி என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது கேட்டவர் பொறுப்பு.

கேள்வி எழுதும் முன் என்ன சரக்கு, சிப்பம் எத்தனை கிலோ, விற்றவர் எந்த மாநிலம், வாங்கியவர் எந்த மாநிலம், பில் போட்டாயிற்றா, போட்ட தேதி என்ன என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே யாரிடம் கேட்டோம், அவர் என்ன சொன்னார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆடிட்டர் சொன்னதைச் சொல்லாமல் குழுவில் கேட்டுவிட்டு, "எங்கள் ஆடிட்டர் வேறு சொன்னாரே" என்று பிறகு இழுப்பது பதில் சொன்னவரைச் சோதிப்பது போல் ஆகிவிடுகிறது. தளத்தில் தகராறு என்றால், "ஓப்பன் ஆகவில்லை" என்று எழுதாமல் திரையில் வந்த பிழைச் செய்தியைப் படமெடுத்துப் போடலாம். ஆனால் பில்லைப் படமெடுத்துப் போடும்போது வங்கிக் கணக்கு எண்ணை மறைத்துவிட வேண்டும். குழுவில் கேள்வியைப் பார்த்துவிட்டுத் தனியே அழைத்து, "நான் சரிசெய்து தருகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

குழுவில் கேட்கக் கூடாத கேள்வியும் உண்டு. "இன்ன ஊர் இன்ன பார்ட்டி எப்படி, கடன் கொடுக்கலாமா?" என்பது நானூறு பேர் பார்க்கும் இடத்தில் கேட்கிற கேள்வி அல்ல. ஒருவருடைய பெயர் அதில் கெடுகிறது. அதைத் தரகரிடமோ, அந்த ஊர்ச் சங்கத்தாரிடமோ தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். வரிக் கேள்வியைத் தனியாகக் கேட்பதுதான் தவறு. சங்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களும் கடை நடத்துகிறவர்கள். ஒரே கேள்வியை இருபது பேர் தனித்தனியே தொலைபேசியில் கேட்டால் அவர்கள் எப்போது வியாபாரம் பார்ப்பது? வயதில் மூத்தவர்கள் சிலர், இத்தனை வருடம் தொழில் செய்துவிட்டு இதைப் போய்க் கேட்பதா என்று தயங்குகிறார்கள். நண்பருக்காகக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டும் கேட்கிறார்கள். ஜி.எஸ்.டி. எல்லாருக்கும் ஒரே நாளில்தான் வந்தது. இதில் மூத்தவர் இளையவர் கிடையாது.

சமீபத்தில் நமக்கு நிறைவு தந்த ஒரு கேள்வியை இங்கே தருகிறோம். சிறிய ஊர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் 2025 அக்டோபரில் எழுதியது: "மொத்தக் கடையில் பிப்ரவரி மாதம் பில் போட்டு வாங்கிய மல்லி 12 மூட்டை. மூன்று மூட்டையை இப்போதுதான் பிரித்தோம், உள்ளே பூஞ்சணம். திருப்பி எடுத்துக்கொள்ள அண்ணாச்சி சம்மதித்துவிட்டார். ஆனால் நிதியாண்டு முடிந்துவிட்டதால் வரியைக் கழித்து கிரெடிட் நோட் போட முடியாது என்கிறார். இரண்டு பேரும் தமிழ்நாடு. நான் உள்ளீட்டு வரி எடுத்துவிட்டேன். முடியுமா, முடியாதா?"

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. 2024-25 பில்லுக்கு 2025 நவம்பர் 30 வரை, அல்லது விற்றவர் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் நாள் வரை, எது முந்தியோ அதுவரை வரியோடு கிரெடிட் நோட் காட்டலாம், அந்த அளவுக்கு நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்றார் ஒருவர். விற்றவர் தாக்கல் செய்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளும்படி இன்னொருவர் சேர்த்தார். இரண்டு நாள் கழித்து அந்தத் தம்பியே மறுபடி எழுதினார்: அண்ணாச்சி இன்னும் தாக்கல் செய்யவில்லை, கிரெடிட் நோட் கைக்கு வந்துவிட்டது, மூட்டைகள் போய்விட்டன. அதைப் பார்த்த பிறகு, போன ஆண்டுத் திருப்பல் கணக்கைத் தீர்க்காமல் வைத்திருந்த நாலு கடைக்காரர்கள் அந்த வாரமே பழைய பில்களைத் தேடி எடுத்தார்கள். நவம்பர் 30-க்கு அப்போது ஒரு மாதம் பாக்கி இருந்தது.