கடல்மேல் நின்று காணும் எரிமலை

2017ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் ‘சிந்து சங்கல்ப்’ என்னும் ஆய்வுக் கப்பலில் இருந்தவாறு அந்தமான் கடலடிப் படிவுகளைத் திரட்டிக்கொண்டிருந்தனர். அருகிலிருந்த பாரன் தீவு திடீரெனச் சாம்பலை உமிழத் தொடங்கியது. கப்பல் சுமார் ஒரு மைல் தொலைவுக்கு வந்து நின்றது. அதற்கு மேல் நெருங்கவில்லை. ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வரை நீடித்த சிறு சிறு சீற்றங்களை அவர்கள் கண்டனர். பகலில் கண்ணில் பட்டவை சாம்பல் மேகங்கள் மட்டுமே. கதிரவன் மறைந்த பின்னரே மலைவாயிலிருந்து செந்நிறக் குழம்பு ஊற்றெனப் பீறிடுவதும், சரிவில் வழிந்தோடுவதும் தெரிந்தன.

பகலில் குழம்பு இல்லாமல் இல்லை. அடுப்பிலிருந்து எடுத்து முற்றத்து வெயிலில் போட்ட கரித்துண்டு கறுத்துத் தோன்றும். அதையே இருட்டறையில் வைத்தால் கனன்று ஒளிரும். ஆயிரம் டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பமுள்ள பாறைக் குழம்பும் தொலைவிலிருந்து காண்போருக்கு அவ்வாறே. ஒலியின் கணக்கு இன்னும் வியப்பானது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடிகள் ஆகும். எனவே ஒரு மைல் அப்பால் நிற்பவர், நெருப்பு எழுவதைக் கண்டு ஐந்து விநாடிகள் சென்ற பின்னரே அதன் முழக்கத்தைக் கேட்பார். கையில் கடிகாரம் இருந்தால், மலைக்கும் நமக்கும் உள்ள தொலைவை நாமே கணித்துவிடலாம்.

இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இத்தீவு. குறுக்களவு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். மனிதர் குடியிருப்பு இல்லை. இந்தியாவில் இன்றும் சீறிக்கொண்டிருக்கும் எரிமலை இது ஒன்றே. கடல்மட்டத்திற்கு மேல் அதன் உயரம் சுமார் 350 மீட்டர்தான். ஆயினும் மலையின் அடிவாரம் கடல்மட்டத்திற்கு இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. கப்பலில் செல்வோர் காண்பது மலையன்று, மலையின் உச்சி. இந்தியப் புவித்தட்டு கிழக்கே உள்ள பர்மாத் தட்டின் கீழ்ச் சரிந்து இறங்குவதால் உண்டாகும் பாறைக் குழம்பே இவ்வழியாக வெளிவருகிறது.

இத்தீவின் வரலாறு பெரும்பாலும் கப்பலில் வந்தவர்கள் எழுதி வைத்தது. 1787இல் சீற்றம் பதிவாகியது. 1789இல் இவ்வழி வந்த கடற்படை அதிகாரி ஆர்ச்சிபால்ட் பிளேர், செஞ்சூடான கற்கள் வெளியே எறியப்படுவதைக் கண்டார். அவற்றுள் சில மூன்று, நான்கு டன் எடை இருக்கும் என்று அவர் குறித்து வைத்தார். போர்ட் பிளேர் என்ற பெயர் இவரால் வந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலமுறை புகைந்த மலை, பின்னர் அடங்கிவிட்டது. இரண்டாண்டுகள் வாடிக்கையாளர் எவ்வித வரவு செலவும் செய்யாத கணக்கை நாம் ‘செயல்படாத கணக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். இம்மலையோ நூறாண்டுகளுக்கும் மேலாக ஓய்ந்து கிடந்துவிட்டு, 1991இல் மீண்டும் கணக்கைத் திறந்தது. அவ்வாண்டின் சீற்றம் பல மாதங்கள் நீடித்தது. அதன்பின் 1994–95, 2005, 2017 எனத் தொடர்ந்து, 2025 செப்டம்பரிலும் சிறு சீற்றங்கள் நிகழ்ந்தன.

அந்தமான் கிளையொன்றில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய நண்பர் ஒருவர், இத்தீவைக் காணச் சென்ற அனுபவத்தை நம்மிடம் கூறினார். தீவு கண்ணுக்குத் தெரிந்ததும் பயணிகள் அனைவரும் ஒரே குரலாக, “இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமே” என்று கேட்டார்களாம். படகோட்டி கேட்கவே இல்லையாம். “இவ்வளவு தூரம் வந்து இவ்வளவுதானா?” என்று பலர் முகம் சுளித்ததாக நண்பர் சொன்னபோது, நமக்கு நியூசிலாந்தின் வாகாரி தீவு நினைவுக்கு வந்தது.

வெண்தீவு என்றும் அழைக்கப்படும் அவ்வெரிமலையின் வாய்க்கே பயணிகளை நடத்திச் செல்வது அங்கு நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2019 நவம்பரில் எச்சரிக்கை நிலை ஒரு படி உயர்த்தப்பட்டது, சுற்றுலா நிற்கவில்லை. டிசம்பர் 9ஆம் நாள் பிற்பகல் மலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தனர். அவர்களுள் 22 பேர் இறந்தனர். அங்குப் பாறைக் குழம்பு வழிந்தோடவில்லை. கொதிநீராவியும் சாம்பலுமே உயிரைக் குடித்தன. சற்று முன்பு தீவை விட்டு நீங்கிய படகில் இருந்தோர் அக்காட்சியைக் கண்ணெதிரே கண்டனர். பின்னர் படகு திரும்பிச் சென்று காயமுற்றோரை ஏற்றி வந்தது. இரு கூட்டத்தாருக்கும் இடையே இருந்தவை சில நிமிடங்களும் சிறிதளவு கடல்நீரும்தான். அந்தமான் படகோட்டியின் பிடிவாதத்தை நாம் மதிப்பது இதனாலேயே.

ஒரு மைல் தொலைவு போதும் என்பது கடலில் செல்வோருக்கான கணக்கு. வானில் செல்வோருக்கு அது பொருந்தாது. 1982 ஜூன் 24 இரவு, லண்டனிலிருந்து பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து செல்லும் தடத்தில் பறந்த பயணிகள் விமானம் ஒன்று, ஜாவாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. சாம்பலில் ஈரம் இல்லாததால் விமானத்தின் வானிலை ரேடார் அதைக் காட்டவில்லை. வெகுவாகக் கீழிறங்கிய பின்னரே இயந்திரங்கள் மீண்டும் இயங்க, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. இன்று பாரன் தீவு சாம்பலை எழுப்பினால், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலுள்ள மையம் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து விமானங்களுக்கு அறிவிப்பு விடுக்கிறது.

அந்தமான் செல்லும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். தீவில் இறங்க அனுமதி இல்லை. கடலில் இருந்தே காண வேண்டும். புறப்படுமுன் அன்றைய விதிமுறைகளை வனத்துறையிடம் கேட்டறிவது நல்லது. மலைவாயைச் சூழ்ந்த பழைய மதில் போன்ற பாறைச்சுவர் மேற்குப் பக்கத்தில் மட்டும் உடைந்து கடலை நோக்கித் திறந்துள்ளது. நடுவிலுள்ள கூம்பையும், கடல்வரை வந்து உறைந்த கரும்பாறையையும் அத்திசையிலிருந்தே நன்கு காணலாம். தொலைநோக்கி இருந்தால், எப்போதோ கப்பலில் கொண்டுவந்து விடப்பட்ட ஆடுகளின் வழித்தோன்றல்கள் சரிவில் தென்படுகின்றனவா என்றும் தேடிப் பார்க்கலாம்.